மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வரை என்ன செய்வது?

போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஏழு கடைகளுக்கு நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பெரும்பாலான கடைகளில் ஒரே அமைப்புதான்: கீழே தமிழ்நாட்டில் தலைமைக் கடை, மலைக்கு மேலே வண்டன்மேடு, நெடுங்கண்டம், கட்டப்பனை என்று கேரளப் பக்கம் ஒரு டெப்போ, கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர் (கடைக் கணக்கு முழுக்க இருக்கும் மையக் கம்ப்யூட்டர்), பக்கத்தில் யுபிஎஸ். இந்த வருஷம் நான்கு கடைகளில் அந்த சர்வருக்கு வயசாகிவிட்டது. உள்ளே ஓடும் விண்டோஸ் சர்வர் 2012-க்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது, அதில் இருக்கும் எஸ்கியூஎல் சர்வர் 2008 என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்கு 2019 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது, அதாவது இனி புதிதாக ஒரு ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இல்லை. முதலாளிமார் எல்லாரும் கேட்பது ஒன்றே: "தம்பி, புதுசா சர்வர் வாங்கவா, இல்ல கிளவுடுக்கே போயிரலாமா?" போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் பாதி மாறிப்போய்ச் சேர்கிறது. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. கிளவுட் என்றால் நம் வேலையை வேறொருவரின் டேட்டா சென்டரில் (சர்வர்களை மொத்தமாக வைத்திருக்கும் இடம்) நெட் வழியாக ஓட்டுவது. அதை விற்க வருகிறவர்கள் இரண்டு வேறு வேறு சரக்கை ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்று, நீங்கள் இப்போது ஓட்டும் அதே டேலி கணக்கு சாஃப்ட்வேர், அதே எடைச்சிட்டை சாஃப்ட்வேர், எதுவும் மாறாமல் யாரோ ஒருவரின் டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் ஓடும், அந்தத் திரையை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள். 'டேலி ஆன் கிளவுட்' என்று வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை இதுதான். இன்னொன்று, சாஃப்ட்வேரையே மாற்றிவிடுவது. ஜோஹோ புக்ஸ் மாதிரி பிரௌசரில் திறந்து பில் போடுவீர்கள், சர்வர் எங்கே இருக்கிறது, எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பது உங்கள் தலைவலியே இல்லை. முதலாவதில் வாடகை கட்டினாலும் வீட்டைப் பெருக்கிக் கழுவுவது நீங்கள்தான். இரண்டாவதில் அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதும் அவர்கள் முடிவு. சொந்த சர்வரைத் தொடர்வது மூன்றாவது வழி. இது மூன்றையும் கலந்துகொள்வது நான்காவது, கடைசியில் ஒரு கடைக்கு நான் சொல்லப்போவது அதைத்தான்.

விலைப்பட்டியலுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை உங்கள் கடையில் நின்று கேட்டுப் பாருங்கள்: நெட் போனால் எந்த வேலை எத்தனை நிமிடத்தில் நிற்கும்?

இது ஏன் என்று சொல்கிறேன். நான் பார்க்கும் ஒரு கடை, இரண்டு வருஷம் முன்னால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரௌசர் சாஃப்ட்வேருக்கு மாற்றியது. கீழே கடையில் நன்றாகத்தான் ஓடியது. ஆடி மாதம் ஒரு சாயங்காலம், வண்டன்மேட்டு டெப்போவில் நான் இருந்தேன், வேறு வேலையாகப் போயிருந்தேன். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அப்படி ஒரு மழை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, எங்கேயோ மரம் விழுந்து ஃபைபரும் அறுந்திருந்தது. ஒரு தோட்டக்காரர் நான்கு மூட்டை காய் கொண்டுவந்தார். தராசு பேட்டரியில் ஓடியது, எண் சிவப்பாக நின்றது: 48.350. லேப்டாப்பில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டெப்போவைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து ஹாட்ஸ்பாட் எடுக்கப் பார்த்தார், எல்லைப் பக்கத்தில் டவர் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் மாறி மாறித் தாவும், அன்று இரண்டுமே இல்லை. வெளியே ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நான்கு எடையையும் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு நகலை எழுதிக்கொண்டார். மறுநாள் லைன் வந்ததும் ஏற்றினார்கள். ஏற்றும்போது 48.350 என்பது 43.850 ஆகிவிட்டது. நான்கரை கிலோ. கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால் 11,250 ரூபாய். பட்டுவாடா நாளில் தோட்டக்காரர் அந்தக் காலண்டர் தாளை மடித்துக்கொண்டு வந்து நின்றார். பணம் சரி செய்து கொடுத்தோம், ஆனால் இருபது வருஷப் பழக்கத்தில் அவர் அன்றுதான் முதல்முறையாகத் தராசைத் தானே எட்டிப் பார்த்தார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த சாஃப்ட்வேர் மோசம் இல்லை. எடை போடும் வேலையை நெட்டோடு கட்டிப்போட்டதுதான் தவறு. எடை போடுவதும் ரசீது கொடுப்பதும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத வேலை, காய் வந்து வாசலில் நிற்கிறது, ஆள் நிற்கிறார். அதுவே பட்டுவாடாக் கணக்கு ஒரு நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் இரண்டு நாள்கூடத் தாங்கும். ஆகவே மொத்த சாஃப்ட்வேரையும் ஒரே பொருளாக நினைத்து "மாற்றவா வேண்டாமா" என்று கேட்டால் எந்தப் பதிலும் பாதி தப்பாகத்தான் வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, சொந்த சர்வர்தான் பத்திரம் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சர்வர் உங்கள் கடையிலேயே இருந்தாலும் நெட் இல்லாமல் சரக்கு நகராது. ஏலக்காயில் ஒரு மூட்டையே லட்ச ரூபாயைத் தாண்டும், மாநிலம் தாண்டும் சரக்குக்கு, நெட்டில் எடுத்து வண்டியோடு அனுப்ப வேண்டிய இ-வே பில்லுக்கு வரம்பு 50,000. வருஷ விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய கடைக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் (அரசாங்கத் தளத்தில் பதிந்து எண் வாங்கிய பில்) கட்டாயம், அந்த எண் அரசாங்கத்தின் சர்வரிலிருந்துதான் வர வேண்டும். நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேரள டெப்போவுக்கு 32-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண், போடிக் கடைக்கு 33-இல் தொடங்கும் எண். சட்டத்தின் கண்ணில் இரண்டும் இரண்டு தனி ஆட்கள், நம் சரக்கை நாமே மேலேயிருந்து கீழே இறக்கினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டுத்தான் பில் எழுத வேண்டும். ஜீப் போடிமெட்டு தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் அந்தப் பில் கீழே கணக்கில் தெரிந்தால் எவ்வளவு வசதி என்பது இரண்டு மாநிலத்தில் கடை வைத்தவர்களுக்குத் தெரியும். சர்வர் கீழே மட்டும் இருக்கும் கடைகளில் டெப்போ ஒரு தனி டேலியில் எழுதி, வாரத்துக்கு ஒரு முறை பென்டிரைவ் இறங்கி வரும், இரண்டையும் சேர்க்க ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்காருவார். கிளவுடின் உண்மையான லாபம் நமக்கு இந்த இடத்தில்தான்.

நம் தொழிலே அந்தப் பக்கம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு 2021 தொடக்கத்திலேயே ஏலக்காய் ஏலத்தை கிளவுடுக்கு மாற்றிவிட்டது, கேரளப் பக்கம் புத்தடியில் உட்கார்ந்திருப்பவரும் போடியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கிறார்கள். கொரோனாவில் எல்லை தாண்ட இ-பாஸுக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, பணம். சொந்த சர்வருக்கு ஒரு கணக்குப் போடுவோம், இது உதாரணம்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் 1,80,000 ரூபாய், ஐந்து வருஷம் ஓடும் என்றால் மாதம் 3,000. அது 200 வாட் இழுத்தால் மாதத்துக்கு 144 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் 1,440. யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நடுவில் ஒரு டிஸ்க், என்னைப் போல ஒரு ஆள் வந்து பார்க்கும் கூலி, எல்லாம் சேர்த்து மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் ஆகும். இதற்குப் பக்கத்தில் வாடகை கம்ப்யூட்டருக்கு வரும் கொட்டேஷனை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், மலிவாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கென்று இரண்டு பேர் மட்டும்தான் ஒரே நேரத்தில் ரிமோட்டில் நுழையலாம், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். மலிவுக் கொட்டேஷன்களில் இது இருக்காது, ஏதோ ஒரு திருட்டு வழியில் ஐந்து பேரை உள்ளே விட்டிருப்பார்கள். பேக்அப் அதில் சேர்ந்ததா, எத்தனை நாள் பழையது வரை வைத்திருப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிரௌசர் சாஃப்ட்வேரில் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். நம் தொழிலுக்கு அதில் ஒரு நன்மை இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். சீசனில் பில் போட ஏழு பேர் வேண்டும், மாசி பங்குனியில் மூன்று பேர் போதும். மாதாமாதம் ஆளைக் கூட்டிக் குறைக்க விடும் திட்டமாக இருந்தால் சீசன் இல்லாத மாதங்களில் செலவு இறங்கும். வாங்கிப் போட்ட சர்வர் சீசன் பார்க்காது. ஆனால் வருஷச் சந்தா என்று தள்ளுபடி காட்டி இழுப்பார்கள், அப்படிக் கட்டிவிட்டால் இந்த நன்மை போச்சு.

கிளவுடிலிருந்து திரும்பி வந்தவர்கள் கதையையும் சிலர் எனக்கு அனுப்புகிறார்கள். 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022-இல் கிளவுடுக்கு மட்டும் சுமார் 32 லட்சம் டாலர் கட்டியது, பிறகு சொந்த சர்வர்களை வாங்கி வெளியே வந்தது, செலவு பெரிதும் குறைந்ததாக அவர்களே கணக்கை வெளியிட்டார்கள். உண்மைதான். ஆனால் அவர்களிடம் சர்வரைப் பார்த்துக்கொள்ளவே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வேலைப் பளு வருஷம் முழுக்க ஒரே அளவில் ஓடுகிறது, சர்வர்களையும் மாடிப்படிக்கு அடியில் வைக்கவில்லை, டேட்டா சென்டரில் இடம் பிடித்து வைத்தார்கள். அவர்கள் கணக்கை நம் கடைக்குப் போட்டால் ஒத்துவராது.

இப்போது பாதுகாப்பு. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2022-இல் ஒரு கடையில், டெப்போவிலிருந்து கீழே இருக்கும் சர்வரில் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப் நேரடியாக வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அந்தக் கதவைத் திறந்து வைத்தது நான்தான். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப்பிள்ளை அண்ணன் போன் பண்ணினார், "எல்லா ஃபைலுக்கும் வாலு மொளச்சிருக்கு தம்பி" என்றார். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், நடுவில் ஒரு ஆங்கிலக் கடிதம், பணம் கேட்டு. பேக்அப் டிஸ்க் யுஎஸ்பியில் எப்போதும் சொருகியே இருந்தது, ஆகவே அதுவும் போயிருந்தது. அண்ணன் தன் வீட்டு பீரோவில் வைத்திருந்த பென்டிரைவ் ஒன்றுதான் பிழைத்தது, அதில் 23 நாள் பழைய கணக்கு இருந்தது. அந்த 23 நாளையும் கார்பன் நகல் சிட்டைகளை வைத்துக்கொண்டு ஆறு பேர் பதினொரு ராத்திரி உட்கார்ந்து அடித்தோம். பணம் கட்டவில்லை.

ஆகவே "என் டேட்டா என் கடையில் இருக்கிறது, அதனால் பத்திரம்" என்பதை நான் இனிமேல் நம்ப மாட்டேன். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற, இதே மாதிரி ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தபோது வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டரும் பாலக்காட்டில் ரயில்வே கோட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் ஊர்க் கடைகளில் அந்த ஆள் யார்? மாதம் ஒருமுறை வரும் நான். பிரௌசர் சாஃப்ட்வேரில் இந்த ஒட்டுப்போடும் வேலை முழுக்க அவர்கள் தலையில் போய்விடுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே கணக்கை அங்கே கொண்டுபோகலாம் என்பேன். வாடகை கம்ப்யூட்டரில் அது போகாது. அதே விண்டோஸ், அதே 3389, இடம் மட்டும் வேறு. அங்கேயும் கதவைத் திறந்து வைத்தால் அதேதான் நடக்கும்.

அதற்காக கிளவுட் என்றால் டேட்டா அழியவே அழியாது என்றும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தே போனது, பேக்அப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியத்தைப் பார்க்கும் யூனிசூப்பர் நிறுவனத்தின் கணக்கு கூகுள் கிளவுடில் ஒரு அமைப்புப் பிழையால் மொத்தமாக நீங்கிவிட்டது, இரண்டு இடங்களில் நகல் இருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் தனியாக ஒரு பேக்அப் வைத்திருந்ததால்தான் எழுந்து வர முடிந்தது. வேறு ஆளிடம், வேறு பாஸ்வேர்டில் ஒரு நகல் இருப்பதுதான் பேக்அப்.

இது நமக்குப் பெரிய செலவு இல்லாத வேலை. ஒரு கடையின் முழு டேட்டாபேஸைச் சுருக்கினால் ஒரு ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் அப்லோட் இருந்தால் ஏழு நிமிடத்தில் மேலே போய்விடும், ராத்திரி ஒரு மணிக்கு வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாம் குறிக்கும் நாள் வரை யாராலும், முதலாளியாலும்கூட, அழிக்க முடியாது என்று பூட்டும் வசதி பெரிய கிளவுட் சேமிப்புகளில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் திருடன் பாஸ்வேர்டைப் பிடித்தாலும் பழைய நகல் தங்கும்.

சட்டம் பற்றி நிறையப் பயமுறுத்துகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டியில் மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்அப் இருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது, கணக்கை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் ஆக இருந்தால் மட்டும் கூடுதலாக இரண்டு: கணக்கை யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் 2023 ஏப்ரல் முதல் சாஃப்ட்வேரில் பதிவாக வேண்டும், தினசரி பேக்அப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப்புக்கும் தனியாள் கடைக்கும் இந்தக் கம்பெனிச் சட்ட விதிகள் வராது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், ஜோஹோவுக்குச் சென்னையிலும் மும்பையிலும் டேட்டா சென்டர் இருக்கிறது, ஆகவே இது ஒரு தடையே இல்லை, கணக்கைத் திறக்கும்போது சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, எழுத்துரு. பழைய எடைச்சிட்டை சாஃப்ட்வேரில் தோட்டக்காரர்கள் பெயரெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறது. பாமினியில் திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். புது சாஃப்ட்வேரில் ஏற்றினால் 'முருகன்' என்ற பெயர் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010-இல் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, நம் கடைகள்தான் இன்னும் அங்கேயே இருக்கின்றன. மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன, ஆனால் ஒரே பட்டியலில் சில பெயர் பாமினியிலும் சில பெயர் ஆங்கிலத்திலும் சில பெயர் பிறகு வந்தவர்கள் அடித்த யுனிகோடிலும் கலந்து கிடந்தால் நிரல் நல்ல ஆங்கிலப் பெயரையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். ஒரு கடையில் 1,900 பெயரை நானும் டெப்போ சேட்டனும் வரிசையாகச் சரிபார்த்தோம், அவர் மலையாளத்தில் படித்தவர், தமிழ்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்து 'இது நம்ம உடும்பன்சோலை ஆளு, இது பெயரு இப்படி இல்ல' என்று திருத்தினார். நான்கு நாள் ஆனது. கிளவுடுக்கு மாற எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பவர்களிடம் இந்த நாலு நாளைத்தான் முதலில் சொல்கிறேன்.

தராசும் பிரிண்டரும் அடுத்தது. தராசு சீரியல் கம்பி வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பேசும். சாஃப்ட்வேர் மும்பையில் ஓடினால் அந்த எண்ணை அங்கே கொண்டுபோக நடுவில் ஏதாவது கட்ட வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் முடியும், ஆனால் லைன் ஒரு முறை அறுந்து வந்தால் பல நேரம் தராசு காணாமல் போகும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் அதே தகராறு. வாடகை கம்ப்யூட்டர் வழியை டெப்போ வைத்திருக்கும் கடைகளுக்கு நான் பரிந்துரைக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லாரும் ஒரே ஊரில், தராசு இல்லாமல், டேலி மட்டும் வைத்து வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்கிற கமிஷன் வியாபாரிக்கு அந்த வழி நன்றாகவே ஒத்துவரும், சாஃப்ட்வேரை யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

உள்ளே போவதற்கு முன்னால் வெளியே வரும் வழியைக் கேளுங்கள். அமேசானும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2024-இல், மொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு டேட்டாவை எடுத்துச் செல்லும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் வாடகைக்கு எடுப்பது ஒரு இடைத்தரகரிடம் என்றால் அவர் என்ன சொல்கிறார் என்பதே முக்கியம். பிரௌசர் சாஃப்ட்வேரில் கணக்கு அட்டவணையாக வெளியே வந்துவிடும், பில்லோடு இணைத்த படங்களும் திருத்தத் தடமும் சேர்ந்து வருமா என்று இலவசச் சோதனைக் காலத்திலேயே எடுத்துப் பாருங்கள். பழைய சர்வரைத் தூக்கிப் போடாதீர்கள். 72 மாதம் இருக்கிறது. அதை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக (வேறொரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டராக) நகலெடுத்து, நெட்டோடு சேர்க்காமல் வைத்தால் ஆடிட்டர் 2021 சிட்டை ஒன்றைக் கேட்டால் திறந்து காட்டலாம்.

இதையெல்லாம் வைத்து நான்கு கடைகளுக்கும் நான் சொன்னது இதுதான். டெப்போ இல்லாத இரண்டு கடைகளில் ஒன்று முழுதாகப் பிரௌசர் சாஃப்ட்வேருக்குப் போகிறது, இன்னொன்றில் டேலிக்குப் பழகிய ஆட்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள், மாறச் சொல்லி அவர்களை வதைப்பதில் நியாயமில்லை, அது வாடகை கம்ப்யூட்டர், விபிஎன் (நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாக மட்டும் நுழைவு. மூன்றாவது கடைக்கு வரத்து பெரிது, டெப்போ இரண்டு, லைன் மோசம். அங்கே எடைச்சிட்டை மேலே டெப்போவிலேயே ஒரு சின்ன மினி கம்ப்யூட்டரில் ஓடும், நெட் இல்லாவிட்டாலும் ரசீது அச்சாகும், லைன் வந்ததும் தானாகக் கீழே அனுப்பிவிடும், கையால் திரும்ப அடிக்கும் வேலையே இல்லை. கணக்கும் ஜிஎஸ்டியும் மட்டும் கிளவுடில். நெட்டுக்கு ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனியின் 4ஜி சிம் ஒன்று. ஒரே டவரில் இரண்டு சிம் போட்டால் அது இரண்டு லைன் ஆகாது என்பதால் டெப்போவில் எந்த சிம் எந்தப் பக்க டவரைப் பிடிக்கிறது என்று அங்கேயே நின்று பார்த்துத்தான் வாங்கினோம்.

நான்காவது கடை, அந்த 23 நாள் கணக்கைத் திரும்ப அடித்த கடைதான், சொந்த சர்வரையே மறுபடி வாங்குகிறது. நான் தடுக்கவில்லை. முதலாளி சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது: பட்டுவாடா முறை அவர் கடைக்கென்றே எழுதிய சாஃப்ட்வேரில் இருக்கிறது, தோட்டக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைத் தவணையாகக் கழிக்கும் அவர்கள் கணக்கு வெளியே எந்த ரெடிமேட் சாஃப்ட்வேரிலும் இல்லை, அதைப் புதிதாக எழுதும் செலவில் மூன்று சர்வர் வாங்கலாம். அந்த 3389 இனி வெளியே திறந்திருக்காது, டெப்போ வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக மட்டுமே வரும், ராத்திரி ஒரு மணிக்குப் பூட்டிய நகல் மேலே போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் சர்வரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் ராத்திரி பேக்அப்பை மட்டும் இறக்கி, ஒரு நாள் பட்டுவாடாவை முழுதாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். கணக்குப்பிள்ளை அண்ணன் எட்டு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பீரோவில் இருக்கும் பென்டிரைவையும் எடுத்துவருவாராம்.